ஸ்கொலர்ஷிப் பொதி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

மாகாண மட்டத்தில் முதலிடம் எடுத்த பிள்ளையின் படம் முகநூலில் ஏறினால் போதும், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறோம் என்ற விளம்பரம் பெற்றோரின் வட்ஸ்அப்பைத் தேடி வருகிறது. மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று இந்த முகவர்களின் வலை எங்கும் விரிந்திருக்கிறது. நிறுவனங்கள் வேறு வேறு என்றாலும் பொதி அநேகமாக ஒன்றுதான்: பிள்ளைக்கு ஒரு இணையப் பக்கம், ஒரு வீடியோ, பயிற்றுவிப்பாளர்களுக்கு மின்னஞ்சல், என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு) கணக்கு, ஆங்கிலப் பரீட்சை, வீசாக் கோப்பு. விலை இலட்சக் கணக்கில். இங்கே எந்த ஒரு நிறுவனத்தையும் எடைபோடவில்லை. பொதியைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் காசுக்குப் பெறுமதியா என்றுதான் பார்க்கிறோம்.

முடிவை முதலே சொல்லலாம். இணையப் பக்கத்துக்கும் மின்னஞ்சலுக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. வீடியோ வெட்டுவதற்கு நியாயமான கூலி கொடுக்கலாம். பாடசாலை ஆவணங்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் வரிவரியாகச் சரிபார்க்கத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் அவருக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. பிள்ளையைத் தெரிவுசெய்ய வைக்கும் முக்கியமான பொருளோ எந்தப் பொதியிலும் இல்லை. அது மின்னியல் நேரக்கணிப்பில் பதிவான ஒரு நேரம், அல்லது அதிகாரபூர்வமாக அளந்த ஒரு தூரம்.

முதலில் விளையாட்டைப் பார்க்க வேண்டும். கபடி, எல்லே, வலைப்பந்தாட்டம், கிரிக்கெட், பளுதூக்கல் ஆகிய எதுவும் என்.சி.ஏ.ஏ. பட்டியலில் இல்லை. கபடியில் தேசிய மட்டம் போன பிள்ளைக்கு இந்தப் பொதியை யாராவது விற்க வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கிரிக்கெட்டுக்குப் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உதவிகள் உண்டு, ஆனால் அவை அநேகமாகக் கட்டணத்தில் ஒரு பகுதியைத்தான் குறைக்கும். நம் பிள்ளைகள் விளையாடுவதில் அமெரிக்கப் பட்டியலில் இருப்பவை மெய்வல்லுநர், குரொஸ் கன்ட்ரி ஓட்டம், உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம், நீச்சல், டெனிஸ். பெண்கள் மல்யுத்தமும் இப்போது சேர்ந்திருக்கிறது. சதுரங்கம் என்.சி.ஏ.ஏ.யில் இல்லாவிட்டாலும் டெக்சாஸ், மிசூரி மாநிலங்களில் சில பல்கலைக்கழகங்கள் சதுரங்கத்துக்கென்றே புலமைப்பரிசில் வைத்திருக்கின்றன. நல்ல தரவரிசைப் புள்ளி உள்ள பிள்ளைகளுக்கு அது தனி வழி.

ஆணா பெண்ணா என்பதிலும் கணக்கு மாறுகிறது. கல்வியில் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்ற 1972ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், டைட்டில் ஒன்பது, பெண்கள் அணிகளைப் பெருக்கியது. என்.சி.ஏ.ஏ.யின் மூன்று பிரிவுகளில் மேலானதான முதலாம் பிரிவில் பெண்கள் கரப்பந்தாட்ட அணிகள் 300க்கு மேல் உண்டு. ஆண்கள் கரப்பந்தாட்டம் சில டசின் பல்கலைக்கழகங்களோடு நிற்கிறது. 2025 வரை இருந்த வரம்பும் அதையே காட்டும்: பெண்கள் அணிக்கு 12 முழுப் புலமைப்பரிசில், ஆண்கள் அணி முழுவதற்கும் சேர்த்து 4.5. கரையோரக் கழகங்களில் நன்றாக அடித்து விளையாடும் பையன்கள் நிறையப் பேர் இருந்தும், அவர்களுக்கு அங்கே கதவு ஒடுக்கம். நிலையான பயிற்சி கிடைக்கும் உயரமான பெண் பிள்ளைக்கு அந்தக் கதவு அகலம். விளம்பரங்களில் இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை.

அடுத்தது "முழு" என்ற சொல். என்.சி.ஏ.ஏ.யின் மூன்றாம் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்காகப் புலமைப்பரிசில் கொடுப்பதே இல்லை. ஹார்வர்ட், யேல் முதலிய ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் அப்படித்தான், அங்கே குடும்பத்தின் பணத் தேவையைப் பார்த்துத்தான் உதவி. முதலாம், இரண்டாம் பிரிவுகள் கொடுக்கின்றன. என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பில் உள்ள சிறிய பல்கலைக்கழகங்களும், என்.ஜே.சி.ஏ.ஏ.யின் கீழுள்ள இரண்டு வருடக் கல்லூரிகளில் பலவும் கொடுக்கின்றன. மெய்வல்லுநர், உதைபந்தாட்டம், நீச்சல் போன்றவற்றில் அணிக்கு ஒதுக்கிய தொகையைப் பயிற்றுவிப்பாளர் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார். அதனால் 40 வீதம், 60 வீதம் என்பதே வழமை.

அதைக் காசாக்கிப் பாருங்கள். ஒரு வருடச் செலவு 38,000 டொலர், பல்கலைக்கழகம் 60 வீதம் தருகிறது என்று வைப்போம். மிச்சம் 15,200 டொலர். டொலரை 300 ரூபாவாகப் பிடித்தால் வருடத்துக்கு 45 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா, நான்கு வருடத்துக்கு ஒரு கோடியே 82 இலட்சத்துக்கு மேல். ஒரு அரச ஆசிரியரின் குடும்பம் இதைத் தாங்காது. 60 வீதம் என்ற கடிதத்தை வைத்துக்கொண்டு காணியை ஈடு வைக்க ஓடுவதற்கு முன், அதே பல்கலைக்கழகத்தில் கல்விப் பெறுபேற்றுக்கான உதவித்தொகையைச் சேர்த்து வாங்க முடியுமா என்று கேட்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் இரண்டையும் அடுக்கலாம். நல்ல உயர்தரப் பெறுபேறு உள்ள பிள்ளைக்கு விளையாட்டில் கிடைப்பதைவிடப் படிப்பில் கிடைப்பது பெரிதாகவும் இருக்கலாம்.

இன்னொரு வெட்டு வரி. எஃப்-1 என்ற மாணவர் வீசாவில் போகும் பிள்ளையின் புலமைப்பரிசிலில் கற்கைக் கட்டணத்துக்கும் பாடநூலுக்கும் போகும் பகுதிக்கு அமெரிக்க மத்திய வரி இல்லை. அறைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதிக்கு உண்டு, பொதுவாக 14 வீதம் பிடிப்பார்கள். அறையும் சாப்பாடும் 12,000 டொலர் என்றால் 1,680 டொலர் வரி. முழுப் புலமைப்பரிசில் எடுத்த பிள்ளைக்கும் இந்தக் கட்டணச் சீட்டு வரும். சாப்பாடு கையில் காசாக வராமல் தட்டில் வருவதால், வரிக்கான காசை வீட்டிலிருந்துதான் அனுப்ப வேண்டியிருக்கும். மருத்துவக் காப்புறுதியையும் தனியாகக் கேளுங்கள். அதையும் மாணவரே கட்டச் சொல்லும் இடங்கள் உண்டு.

2025 ஜூன் 6இல் அமெரிக்க நீதிமன்றம், பல்கலைக்கழக விளையாட்டு வீரர்களுக்குக் காசு கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஏற்ற பிறகு நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. அதில் சேர்ந்த முதலாம் பிரிவுப் பல்கலைக்கழகங்களில் புலமைப்பரிசில் எண்ணிக்கைக்கான வரம்பு நீங்கி, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. மெய்வல்லுநர் அணிக்கு 45 பேர். முதல் வருடம் உதவியில்லாமல் அணியில் சேர்ந்துகொள், இரண்டாம் வருடம் புலமைப்பரிசில் தருவார்கள் என்ற பழைய யோசனை இந்த இடங்களில் இப்போது வலுவிழந்துவிட்டது. தங்கள் பெயரையும் உருவத்தையும் வணிக விளம்பரத்துக்குக் கொடுத்து விளையாட்டு வீரர்கள் சம்பாதிக்கலாம் என்பதையும் விளம்பரங்களில் காணலாம். எஃப்-1 வீசா வளாகத்துக்கு வெளியே தொழில் செய்வதை இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது, எனவே அந்த வருமானத்தை நம்பிக் கணக்குப் போட முடியாது.

இனி ஒப்பந்தம். இந்த மதிப்பீட்டில் ஒரே ஒரு பந்தியை மட்டும் வாசிக்க நேரமுள்ளவர்கள் இதை வாசிக்க வேண்டும். புலமைப்பரிசில் கிடைத்தால் மட்டும் காசு தாருங்கள், கிடைக்காவிட்டால் ஒரு சதமும் வேண்டாம் என்று ஒரு முகவர் சொன்னால் நமக்கு அது நேர்மையான பேச்சாகவே படும். காணித் தரகும் கலியாணத் தரகும் நம் ஊரில் அப்படித்தான். என்.சி.ஏ.ஏ. விதியில் அதுவே பிழை. பிள்ளையின் கல்வி, விளையாட்டு விவரங்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் சேவைக்குக் காசு கொடுக்கலாம், ஆனால் அந்தக் கட்டணம் பிள்ளைக்கு உதவித்தொகையோடு இடம் கிடைப்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது. கிடைத்த தொகையில் இத்தனை வீதம், கிடைத்த பின் மீதி என்றெல்லாம் எழுதிய ஒப்பந்தம் பிள்ளையின் தகுதியையே கேள்விக்குள்ளாக்கும். கட்டணம் ஒரே தொகையாக, என்ன வேலைக்கு என்று பிரித்து எழுதப்பட்டிருக்க வேண்டும். பொதியில் மிகவும் கவர்ச்சியான பகுதிதான் மிகவும் ஆபத்தான பகுதியும்.

இணையப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்றுவிப்பாளர்கள் முகவர் நிறுவனங்களின் தளங்களில் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. அவர்களுக்குத் தேவையானது ஒரு மின்னஞ்சலில் அடங்கிவிடும்.

அந்த மின்னஞ்சலில் எழுதும் எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது. கோட்ட மட்டம், வலய மட்டம் வரை நம் பக்கத்தில் நேரத்தைக் கையால்தான் எடுக்கிறார்கள். கையால் எடுத்த 100 மீற்றர், 200 மீற்றர் நேரத்தோடு 0.24 செக்கனும், 400 மீற்றர் நேரத்தோடு 0.14 செக்கனும் கூட்டித்தான் அமெரிக்காவில் கணிப்பார்கள். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் கைக்கணிப்பில் 11.0 ஓடிய பையன் அவர்கள் கண்ணுக்கு 11.24 ஓடியவன். இதைத் தெரியாமல் 11.00 என்று இரண்டு தசமத்தில் எழுதி அனுப்பினால், மின்னியல் நேரம் என்று காட்டி ஏமாற்றப் பார்த்ததாக எடுத்துக்கொள்வார்கள், அதற்குப் பிறகு பதில் வராது. காற்றும் அப்படித்தான். ஆடி மாதத்துக் கச்சான் காற்று முதுகில் அடிக்கும்போது ஓடிய நேரத்துக்குக் காற்று அளவு இல்லையென்றால் மதிப்பில்லை. செக்கனுக்கு 2.0 மீற்றருக்கு மேல் பின்காற்று இருந்தால் 100, 200 மீற்றர், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல் பெறுபேறுகள் சாதனைக் கணக்கில் சேராது.

எறிதலில் நடக்கும் பிழை இன்னும் பெரிது. 20 வயதுக்குட்பட்ட ஆண்களின் குண்டு 6 கிலோ, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 7.26 கிலோ. தட்டு இங்கே 1.75 கிலோ, அங்கே 2 கிலோ. 18 வயதுக்குட்பட்டோர் எறியும் ஈட்டி 700 கிராம், அங்கே 800 கிராம். 110 மீற்றர் தடைதாண்டலில் தடையின் உயரமும் 0.991 மீற்றரிலிருந்து 1.067 ஆக ஏறும். எந்த நிறையை எறிந்தது என்று எழுதாத தூரத்தைப் பயிற்றுவிப்பாளர் கணக்கிலேயே எடுக்க மாட்டார். பெண் பிள்ளைகளுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு: 20 வயதுக்குட்பட்ட பெண்கள் போடும் 4 கிலோ குண்டுதான் அங்கேயும்.

ஆகவே முகவருக்குக் கொடுக்கவிருக்கும் முதல் தவணையைப் பயணத்துக்குச் செலவழியுங்கள். சேர் ஜோன் டாபட் போட்டி, அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழா, கனிஷ்ட தேசியப் போட்டி என்று மின்னியல் நேரக்கணிப்புள்ள போட்டிகளில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது பிள்ளை ஓட வேண்டும். கல்முனையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ இரவு பஸ்ஸில் போய், கால் வீங்கி இறங்கி, அன்றைக்கே ஓடினால் நல்ல நேரம் வராது. ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்கும் செலவையும் கணக்கில் சேருங்கள். வெளியான பெறுபேற்றுத் தாளின் இணைப்பை எடுத்து வையுங்கள். சான்றிதழின் படத்தைவிட அந்த இணைப்புக்குத்தான் மதிப்பு.

நேரம் கையில் வந்ததும் பல்கலைக்கழகத்தை எப்படித் தேர்வது? முகவர்கள் கண்டபடி ஆயிரம் மின்னஞ்சல் அனுப்புவார்கள். நல்ல வழி வேறு. அமெரிக்க மெய்வல்லுநர் பெறுபேறுகள் டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். என்ற தளத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. பல்கலைக்கழகங்கள் கொன்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் போட்டியிடுகின்றன, பொதுவாக அந்தக் குழுச் சம்பியன்ஷிப்பில் முதல் எட்டு இடங்களுக்கு 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று புள்ளி. கடந்த வருடம் எட்டாம் இடத்துக்கு வந்தவரின் நேரத்தைப் பாருங்கள். பிள்ளையின் மின்னியல் நேரம் அதைவிட நல்லதென்றால் அந்தப் பயிற்றுவிப்பாளருக்கு எழுதலாம், ஏனென்றால் இந்தப் பிள்ளை எனக்குப் புள்ளி எடுக்குமா என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. கொஞ்சம் பின்னுக்கு நின்றால் இரண்டாம் பிரிவு, என்.ஏ.ஐ.ஏ. என்று இறங்கி வாருங்கள். நிறையப் பின்னுக்கு நின்றால் இரண்டு வருடக் கல்லூரியைப் பார்க்கலாம், அல்லது இன்னும் ஒரு வருடம் பயிற்சி செய்யலாம். ஒரு பின்னேரத்தில் இருபது பல்கலைக்கழகங்களை இப்படிப் பார்த்துவிடலாம், செலவு டேட்டாவுக்கு மட்டும்தான்.

மின்னஞ்சலின் தலைப்பிலேயே நிகழ்ச்சி, நேரம், எந்த வருடம் சேரத் தயார் என்பவை இருக்க வேண்டும். உள்ளே எட்டுப் பத்து வரி போதும்: பிறந்த திகதி, உயரம், மூன்று பருவத்துப் பெறுபேறுகள் இணைப்போடு, சாதாரண தரப் பெறுபேறு, உயர்தரத் துறை, ஆங்கிலப் பரீட்சை எழுதியாயிற்றா, குடும்பத்தால் வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும். கடைசி விடயத்தை எழுத நம்மவர்களுக்குக் கூச்சம். எழுதினால் இரண்டு பக்கத்துக்கும் நேரம் மிச்சம். முகவரி, பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவின் இணையத்தளத்தில் அலுவலர் பட்டியலில் இருக்கும். கோடை காலத்தில் நமக்கு இரவு 7 மணி என்றால் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9.30. அந்த நேரத்துக்கு அனுப்பினால் அவர் மேசையில் இருக்கும்போது போய்ச் சேரும். பதில் வரும் கணக்கு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். முகவர் தன் கணக்கிலிருந்து பிள்ளை எழுதுவதுபோல் எழுதினால், தொலைபேசிப் பேச்சுக்குக் கூப்பிடும் நாளில் மின்னஞ்சலின் ஆங்கிலமும் பிள்ளையின் ஆங்கிலமும் ஒத்துப்போகாது.

வீடியோ குழு விளையாட்டுகளுக்குக் கட்டாயம் தேவை. மூன்று முதல் ஐந்து நிமிடம், சிறந்ததெல்லாம் முதல் முப்பது செக்கனில், ஒவ்வொரு காட்சியும் தொடங்குமுன் பிள்ளையைச் சுட்டும் ஒரு வட்டம், பாட்டு வேண்டாம். கரப்பந்தாட்டத்தை மைதானத்தின் பின்கோட்டுக்குப் பின்னால் உயரத்தில் கமராவை நிறுத்தி எடுக்க வேண்டும். பக்கவாட்டில் எடுத்தால் நிற்கும் இடமும் நகர்வும் தெரியாது. வலை 2.43 மீற்றர் உயரத்தில்தான் கட்டியிருந்தது என்பதையும், நின்று கை எட்டும் உயரத்தையும், ஓடிவந்து துள்ளித் தொடும் உயரத்தையும் சென்ரிமீற்றரில் அளந்து எழுதுங்கள். பெண்களுக்கு வலை 2.24. உதைபந்தாட்டத்துக்கு நடுக்கோட்டருகே உயரமான இடம். இவற்றோடு வெட்டாத ஒரு முழு ஆட்டமும் யூடியூப்பில் இருக்க வேண்டும், ஏனென்றால் பந்து காலில் இல்லாத நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்பதையும் பயிற்றுவிப்பாளர் பார்ப்பார். கலியாண வீடியோ எடுக்கும் தம்பிமாருக்கு இந்த அளவுகளைச் சொல்லிக் கொடுத்தால் நன்றாகவே எடுத்துத் தருவார்கள்.

இனி என்.சி.ஏ.ஏ. கணக்கு. பதிவிலக்கம் கிடைத்துவிட்டது என்று முகவர்கள் கொண்டாடுவது ஒரு பெறுபேறே இல்லை. யாரும் கணக்குத் திறக்கலாம். கட்டணமில்லாத பக்கமும் உண்டு, தகுதிச் சான்றுக்கான கட்டணக் கணக்கும் உண்டு. வெளிநாட்டு மாணவருக்கு அந்தக் கட்டணம் 150 டொலருக்கு மேல், திரும்பக் கிடைக்காது. கட்டணமில்லாத பக்கத்தில் தொடங்கி, ஒரு பயிற்றுவிப்பாளர் உண்மையாகவே கேட்ட பிறகு மாற்றிக்கொள்ளலாம். முதலாம் அல்லது இரண்டாம் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்று பிள்ளையின் பெயரைத் தன் கோரிக்கைப் பட்டியலில் போட்ட பிறகே இறுதித் தகுதி முடிவு நகரும்.

ஆவணங்களுக்கு வந்தால், உதவிக்குக் காசு கொடுக்கத் தகுந்த இடம் இதுதான். தரம் 9 முதல் ஒவ்வொரு வருடத்தின் தேர்ச்சி அறிக்கையையும், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளையும் கையில் வைத்திருக்க வேண்டும். முதலாம் பிரிவுக்கு 16 மையப் பாடங்களும் (ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் போன்றவை) அவற்றில் ஜி.பி.ஏ. என்ற சராசரிப் புள்ளி 2.3உம், இரண்டாம் பிரிவுக்கு 2.2உம் குறைந்தபட்சம். நம் பெறுபேறுகளை இந்த அளவுக்கு மாற்றுவது அவர்களின் நாட்டுவாரி வழிகாட்டிப்படி நடக்கும். எஸ்.ஏ.ரி. போன்ற பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைகளை என்.சி.ஏ.ஏ. 2023 ஜனவரியில் கைவிட்டது. எஸ்.ஏ.ரி. வகுப்பையும் சேர்த்து விற்கும் பொதியைக் கண்டால், குறித்த பல்கலைக்கழகம் அதைக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெள்ளமோ இடமாற்றமோ வந்து பாடசாலைப் பதிவேடு தொலைந்த இடங்களில் தரம் 9, 10 அறிக்கைகளைத் தேடி எடுக்க மாதக்கணக்கில் போகும். ஆகவே சாதாரண தரம் எழுதியவுடனேயே அதிபரின் கையொப்பம், முத்திரையோடு ஆங்கிலத்தில் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். பரீட்சைப் பெறுபேற்றின் ஆங்கிலப் பிரதிக்குப் பரீட்சைத் திணைக்களத்தில் இணையம் வழியே விண்ணப்பிக்கலாம். பெயர்ச் சிக்கல் நம் ஆட்களுக்கென்றே உள்ளது. பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு பெயர், சாதாரண தரச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல், போட்டிப் பெறுபேற்றில் முதலெழுத்தோடு ஒன்று, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக ஒன்று. நான்கும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வைப்பது நல்லது. அதைவிட நல்லது, கடவுச்சீட்டை முதலே எடுத்து, அதிலுள்ள எழுத்துக்கூட்டலிலேயே போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பது.

கால எல்லையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதலாம் பிரிவில், பாடசாலை முடிக்க வேண்டிய திகதிக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் சேரப் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஒரு வருடச் சலுகை. டெனிஸுக்கு அதைவிடக் குறைவு. அதைத் தாண்டிக் கழகத்துக்கோ ஒழுங்குபடுத்திய போட்டிகளிலோ விளையாடினால், பல்கலைக்கழக அணியில் விளையாட அனுமதிக்கும் நான்கு பருவங்களில் இழப்பு வரலாம். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் இடையில் நமக்கு மூன்று வருடம்வரை போகிறது. எந்தத் திகதியைப் பாடசாலை முடிவாகப் பிடிக்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலரிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். இந்த விதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கின்றன, எனவே போன வருடம் போன பிள்ளைக்குச் சொன்னது இந்த வருடம் பொருந்தாமல் போகலாம். எந்தக் கழகத்துக்கு, எந்தத் திகதியில், என்ன பரிசு, எவ்வளவு காசு என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சம்மாந்துறையிலோ ஏறாவூரிலோ நடந்த கிண்ணப் போட்டியில் கிடைத்த ஐயாயிரம் ரூபாவும் அதில் இருக்கட்டும். காசுக்காக விளையாடியதா என்று கேட்கும் என்.சி.ஏ.ஏ. வினாக்கொத்தில் உண்மையைச் சொன்னால் தீர்க்க வழி உண்டு. மறைத்தது பிறகு முகநூல் படத்தில் அகப்பட்டால் தீர்ப்பது கடினம்.

உயர்தரப் பெறுபேறு வரும் நேரமும் நெருக்கடிதான். 2024 உயர்தரப் பெறுபேறு 2025 ஏப்ரல் கடைசியில் வந்தது. அமெரிக்கக் கல்வியாண்டு ஓகஸ்டில் தொடங்குகிறது. நடுவில் அனுமதி, ஐ-20 (வீசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்), வீசா எல்லாம் முடிய வேண்டும். ஜனவரியில் சேரும் வழி உண்டா என்று கேட்டு வைப்பது புத்தி.

ஆங்கிலப் பரீட்சைக்குப் பெரும் பொதி வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள் டுவோலிங்கோ ஆங்கிலப் பரீட்சையை ஏற்கின்றன. வீட்டிலேயே கணினியில் ஒரு மணித்தியால அளவில் முடியும், ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஐ விட மிகக் குறைந்த கட்டணம். அறைக்குள் வேறு ஆள் வந்தாலும், கண் திரையை விட்டு அடிக்கடி விலகினாலும் பெறுபேற்றை நிறுத்திவிடுவார்கள். மின்சாரமும் இணையமும் உறுதியான இடத்தில் இருந்து எழுதுவது முக்கியம். அந்தப் பல்கலைக்கழகம் எதை ஏற்கிறது என்று பார்த்த பிறகே காசு கட்டுங்கள்.

ஐ-20 படிவம் வர, முதல் வருடத்தில் குடும்பம் கட்ட வேண்டிய மிச்சத்துக்கு வங்கிக் கூற்றுக் காட்ட வேண்டும். பிறகு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டொலர், வீசா விண்ணப்பப் படிவமான டி.எஸ்.-160, வீசா விண்ணப்பக் கட்டணம் 185 டொலர், கொழும்புத் தூதரகத்தில் நேர்முகம். புதிய கட்டணங்களும் சட்டமாகியிருப்பதால் கட்டும் நாளில் தூதரகத் தளத்தைப் பார்க்க வேண்டும். 2025 ஜூனிலிருந்து மாணவர் வீசா விண்ணப்பதாரிகளின் சமூக ஊடகக் கணக்குகள் எல்லாரும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். நேர்முகம் சில நிமிடம்தான்: ஏன் இந்தப் பல்கலைக்கழகம், என்ன படிக்கப் போகிறீர், மிச்சக் காசு யார் கட்டுவது. பொதிகளில் சில, வங்கியில் காட்டுவதற்குக் காசு ஒழுங்குபண்ணித் தருவதாகச் சொல்கின்றன. அதைத் தொடவே கூடாது. பொய்யான ஆவணம் என்று முடிவானால் அந்தப் பிள்ளைக்கு அமெரிக்காவின் கதவு நிரந்தரமாகவே மூடப்படலாம். ஒரு தடவை வீசா மறுக்கப்படுவதற்கு மறு விண்ணப்பம் உண்டு, இதற்கு மீட்சி அரிது.

போன பிறகு என்ன என்பதையும் பொதி விற்பவர் சொல்வதில்லை. பருவ காலத்தில் கட்டாயப் பயிற்சி வாரத்துக்கு 20 மணித்தியாலம்வரை, நாளுக்கு 4 மணித்தியாலம்வரை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. பயணமும் தசைப் பிடிப்புக்கான சிகிச்சையும் அந்தக் கணக்கில் வராது. படிப்பில் ஒரு தவணைக்கு 12 அலகு எடுத்தே ஆக வேண்டும். எஃப்-1 மாணவருக்கு அதில் இணையவழிப் பாடம் ஒன்றுதான் கணக்கில் சேரும், அதனால் போட்டிப் பயணத்துக்கு வசதி என்று எல்லாவற்றையும் இணையவழியில் எடுத்தால் வீசா நிலை போய்விடும். வளாகத்துக்குள் வேலை, தவணை நடக்கும்போது வாரத்துக்கு 20 மணித்தியாலம்வரை. 800, 1500 மீற்றர் ஓடுபவர்களை இலையுதிர் காலத்தில் குரொஸ் கன்ட்ரியும் ஓடச் சொல்வார்கள், குளிர் காலத்தில் கூரைக்குக் கீழே 200 மீற்றர் ஓடுபாதை. சாப்பாட்டுத் திட்டத்தைக் கட்டாயம் வாங்க வேண்டிய இடங்களில் ஹலால் உணவு உண்டா, நோன்பு காலத்தில் பயிற்சி நேரத்தை மாற்றுவார்களா என்பதைக் கையொப்பமிடும் முன் கேட்க வேண்டும்.

கையொப்பமிடும் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெஷனல் லெட்டர் ஒஃப் இன்டென்ட் என்ற பழைய உறுதிக் கடிதம் 2024 ஒக்டோபரில் ஒழிக்கப்பட்டது. அதைப் பற்றியே இன்னும் பேசும் முகவரின் அறிவு பழசு. இப்போது கையொப்பமிடுவது பல்கலைக்கழகத்தின் நிதியுதவி ஒப்பந்தத்தில். எத்தனை வருடத்துக்கு, என்னென்ன செலவுக்கு, காயப்பட்டால் என்ன, பயிற்றுவிப்பாளர் மாறினால் என்ன என்று அதில் தேடிப் பாருங்கள். ஒரு வருடம் என்று எழுதியிருந்தால் அது ஒரு வருடத்துக்குத்தான். நான்கு வருடம் என்று தொலைபேசியில் சொன்னது அதில் சேராது.

யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார், கலிபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ.யில் படித்தார். தேசியப் போட்டியில் அளந்து பதிவான உயரம் ஒன்று அவர் கையில் இருந்தது. நம் பிள்ளைகளுக்கும் அதே வகைப் பதிவுதான் வேண்டும், அது கிடைக்கும் போட்டிகளின் நாட்காட்டி வருடத் தொடக்கத்திலேயே வலயக் கல்வி அலுவலகத்தின் உடற்கல்விப் பிரிவில் இருக்கும்.

பொதி வாங்கியே தீருவது என்று இருப்பவர்கள் மூன்று விடயத்தை எழுத்தில் கேளுங்கள்: கட்டணம் புலமைப்பரிசில் கிடைப்பதோடு தொடர்பில்லாத ஒரே தொகை என்பது, மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொல் பிள்ளையிடமே இருக்கும் என்பது, கடந்த வருடம் அனுப்பிய பிள்ளைகளின் பெயர் எந்தப் பல்கலைக்கழக அணிப் பட்டியலில் இருக்கிறது என்பது. அணிப் பட்டியல்கள் எல்லாம் பல்கலைக்கழகத் தளங்களில் படத்தோடும் சொந்த ஊரோடும் திறந்தே கிடக்கின்றன. சொன்ன பெயர் அங்கே இருக்கிறதா என்று அந்த மேசையிலேயே, முகவரின் முன்னாலேயே கைத்தொலைபேசியில் பார்த்துவிடலாம்.